பிரேக் டீச்சருக்கு வந்த வார்த்தை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு வாய் நீளமாக இருக்க வேண்டும். கால் அதைவிட வேகமாக இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டும் இருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாணவர் கனவு காணத் தொடங்கினால், பக்கத்து இருக்கைக்கு அடியில் இருக்கும் தனிப் பிரேக்கை அவள் மிதிக்கிற மிதியில் கார் குட்டிக்கரணம் போடாத குறையாக நிற்கும். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் பிரேக் டீச்சர்தான்.

காருக்குள் அவள் யாரையும் விட்டுவைத்ததில்லை. ஒரு பெரிய அதிகாரியிடம், "சார், அந்தக் கண்ணாடி தலை வாரிக்கிறதுக்கு இல்ல, பின்னாடி யாரு வர்றாங்கன்னு பாக்கறதுக்கு" என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் கால் வைத்துவிட்டால் அந்த வாய் எங்கே ஒளிந்துகொள்ளும் என்று தெரியாது. கடைசிக்கு முந்தின வரிசையில் கணவருக்குப் பக்கத்தில் உட்காருவாள். பாட்டுக்கும் கொட்டாவிக்கும் மட்டும் வாயைத் திறப்பாள்.

அவர்களுடைய சபை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் கூடியது. கோடையில் ஜெபம் மேலே ஏறும்போது ரப்பர் வாடையும் கூடவே ஏறும். ஆராதனையின் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். கடவுள் தனக்கு ஏதோ சொன்னதாக நினைக்கிற யாரும் எழுந்து அதைச் சொல்லலாம். பெரும்பாலும் எழுந்திருப்பது ஒரு பெரியம்மா. அவருக்கு வருகிற வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: உங்களுக்கு ஒரு கதவு திறக்கப்போகிறது. வேலை தேடுகிறவர், வீடு தேடுகிறவர், சும்மா தண்ணீர் குடிக்க வந்தவர், எல்லோருக்கும் கதவு திறந்தது. அவர் மூலமாக அந்தச் சபையில் ஒரு ஜன்னல்கூட மூடியதில்லை. கேட்க இதமாக இருந்ததால் எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

பிரேக் டீச்சருக்கு அப்படியெல்லாம் எதுவும் வந்ததில்லை. வர வேண்டும் என்று அவள் கேட்டதுமில்லை.

ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது. குரல் என்று சொல்ல முடியாது. சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருந்த சேற்றைத் தேய்க்கும்போது, அவளுடையதல்லாத ஒரு நினைப்பு உள்ளே வந்து உட்கார்ந்தது. 'அவ எங்கேன்னு கேளு.'

யார் அந்த அவள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சபையில் முன்பு மூன்றாவது வரிசையில் ஒரு பெண் உட்காருவாள். சலவைக்கடையில் துணி தேய்க்கிற வேலை. இஸ்திரி அக்கா என்பார்கள். சுருதி சேராமல், ஆனால் கூரை அதிரப் பாடுவாள். அவளுடைய ஒரே மகன் தப்பான சகவாசத்தில் விழுந்து, ஒரு சாயங்காலம் பல் டாக்டரின் கிளினிக்குக்குள் திருடப் புகுந்து மாட்டிக்கொண்டான். இப்போது சிறையில் இருக்கிறான். அந்தப் பல் டாக்டர் இதே சபையின் மூப்பர், சபைக் காரியங்களைப் பார்க்கிற பெரியவர்களில் ஒருவர். நல்ல மனிதர். டயர் கடைக்காரரோடு பேசி இந்த மாடியைச் சபைக்கு வாங்கித் தந்தவரே அவர்தான். நடந்ததுக்குப் பிறகு போதகர் இஸ்திரி அக்காவின் வீட்டுக்குப் போய், "கொஞ்ச நாளைக்கு வேற சபைக்குப் போங்களேன், எல்லாருக்கும் மனசு ஆறட்டும்" என்று மிக மிருதுவாகச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒரு ஸ்பீக்கர் பெட்டி நின்றது. பாட்டு முன்னைவிட நன்றாகக் கேட்கிறது என்று சிலர் சொன்னார்கள்.

பிரேக் டீச்சர் ஈரக் கையோடு உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் நட்டு நட்டாகக் கழற்றிப் பார்க்கிற ஆள்.

"கடவுள்தான் சொன்னாருன்னு எப்படித் தெரியும்? நேத்து மிச்சம் இருந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டியே, அதோட வேலையா இருக்கப்போவுது."

"வயித்து வலியா இருந்தா எனக்குத் தோதா ஏதாவது சொல்லியிருக்கும்ங்க. இது எனக்கு ஒத்துவராததையே சொல்லுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவராத்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவள் கடவுளோடு பேரம் பேசினாள். அந்தப் பெரியம்மாவிடம் சொல்லக்கூடாதா, அவருக்குத்தான் பழக்கம் இருக்கிறதே என்றாள். எனக்குச் சபையில் நாக்கு எழும்பாது என்று உனக்குத் தெரியாதா என்றாள். அந்த ஒரே வரி மட்டும் காருக்குள், குளியலறையில், வெங்காயம் நறுக்கும்போது என்று கூடவே வந்தது.

இதில் இன்னொரு சிக்கல். போதகர் அப்போது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். பிரசங்க மேடையில் அருவி மாதிரிப் பேசுகிறவர், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் திண்டாடினார். பேச ஆரம்பித்தால் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு மேலே போய்விடும்.

"பாஸ்டர், கை."

"மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்."

அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரப் பிரசங்கம் காணாமல் போன ஆட்டைப் பற்றி என்று போதகர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மேய்ப்பன் மற்ற ஆடுகளை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிற அழகைச் சொல்லும்போது கை மறுபடியும் மேலே போனது. அவளுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தேடிப் போறதா? நம்ம ஆடு காணாமப் போகலியே பாஸ்டர். நீங்கதானே வழி சொல்லி அனுப்பி வெச்சீங்க. கேட்டைத் திறந்துவிட்டுட்டு மேடையில நின்னு அழுதா ஆடு வருமா?"

போதகரின் கால் எதையோ மிதித்தது. கார் ஒரு துள்ளு துள்ளி நாற்சந்தியின் நடுவில் படுத்துவிட்டது. நான்கு பக்கமும் ஹாரன். ஒரு சைக்கிள்காரர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, பிரசங்கத்தில் சேர்க்க முடியாத இரண்டு வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார்.

"இறங்கி இந்தப் பக்கம் வாங்க, நான் எடுக்கறேன்" என்றாள் டீச்சர்.

போதகர் இறங்கினார். ஆனால் அந்தப் பக்கம் வரவில்லை. முகம் வெளுத்து, சாலையைக் கடந்து, நடைபாதையில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கணவர் கேட்டார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எப்படிச் சொன்னே?"

அவள் சொல்லிக் காட்டினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அவ எங்கேன்னு கேக்கச் சொன்னாரா, இல்ல அவரை நாற்சந்தியில வெச்சு வறுக்கச் சொன்னாரா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அவ எங்கே என்று அவளுக்கே தெரியாது. அக்கா எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா, மகனைப் போய்ப் பார்க்கிறாளா, ஒன்றும் தெரியாது. ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி.

மறுநாள் மதியம் பாடம் முடிந்ததும் சலவைக்கடைக்குப் போனாள். உள்ளே ஆவி மூட்டம். சட்டைகள் தலையில்லாத ஆட்களைப் போல வரிசையாகக் கம்பியில் தொங்கின. அவற்றுக்குப் பின்னால் இஸ்திரி அக்கா ஒரு படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "ரசீதைக் கொடுங்க" என்றாள்.

"துணி இல்லக்கா. நான்தான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த விரிப்பை ஒரு உதறு உதறினாள். பிறகு, "சும்மா நிக்காத. அந்த முனையைப் பிடி" என்றாள்.

இருவரும் விரிப்பை இழுத்து மடித்தார்கள். இன்னொன்று. பிறகும் ஒன்று. மடிக்கிற வேலையில் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

"இத்தனை நாளா வரல. மன்னிச்சுடுக்கா."

"நான் செத்துட்டேனான்னு பாக்கவாவது யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. குரலில் கோபத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. "உங்க பாஸ்டரோட அங்கியை இன்னும் நான்தான் தேய்க்கறேன், தெரியுமா? கோபத்துல ஒரு தடவை காலரை மட்டும் தேய்க்காம விட்டேன். அதையே போட்டுக்கிட்டுப் பிரசங்கம் பண்ணியிருக்காரு. ஒருத்தரும் கண்டுபிடிக்கல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று பார்த்தாள். அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற சபைக்குப் போறியாக்கா?"

"போனேன். நல்லவங்கதான். ஆனா அங்க மெதுவாப் பாடறாங்க." விரிப்பைத் தட்டி அடுக்கில் வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். அந்த டாக்டரோட பொண்ணு எப்படி இருக்கா? அன்னிக்கு அவ தனியா உள்ள இருந்தாளாமே. ஒழுங்காத் தூங்கறாளா? இவன் பண்ணினதுக்கு நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

டீச்சருக்கு இதற்கும் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று புரிந்தது.

பல் டாக்டரைப் போய்ப் பார்க்க ஒரு காரணம் வேண்டுமே. கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். டாக்டர் விளக்கை இழுத்து, கண்ணாடியையும் உறிஞ்சு குழாயையும் ஒரு பஞ்சு உருண்டையையும் ஒவ்வொன்றாக உள்ளே குடியேற்றினார். பேச வேண்டும் என்று வந்தவள் வாயில் பேச இடமே இல்லை.

"பாஸ்டர் சொன்னாரு" என்றார் டாக்டர், பல்லைப் பார்த்தபடி. "கார்ல என்னவோ பேசினீங்களாம்."

"ஆ" என்றாள் டீச்சர்.

"எல்லாரும் அந்த அம்மா பாவம், அந்த அம்மா பாவம்னுதான் சொல்றாங்க. சரி, பாவம்தான். என் பொண்ணு அன்னிக்கு அந்த எக்ஸ்ரே ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு, சத்தம் வராம வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. இப்பவும் சாயங்காலம் யாராவது கதவைத் தட்டினா அவ கை சில்லுன்னு ஆயிடும். அதை யாரு கேட்டாங்க? சொல்லுங்க."

"ஆ ஆ."

"பத்திரமா இருக்காளே, அது போதும்னாங்க. கதவு திறக்கும்னாங்க. எங்களுக்கு ஒரு கதவு மூடினாப் போதும்னு இருந்துச்சு."

அவர் கருவியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி நின்று கையுறையைக் கழற்றினார். டீச்சர் குழாயையும் பஞ்சையும் தானே வெளியே எடுத்தாள்.

"நானும் கேக்கல டாக்டர். தப்புதான். ஆனா ஒருத்தங்க கேக்கறாங்க. பொண்ணு ஒழுங்காத் தூங்கறாளான்னு நேத்து என்கிட்ட விசாரிச்சாங்க. யாருன்னு உங்களுக்கே தெரியும்."

டாக்டர் திரும்பவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை நான் எழுந்து பேசப்போறேன். அந்த அக்கா நம்மகூட இருக்கணும்னு. உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்குத் தெரியாம, உங்க முதுகுக்குப் பின்னாடி பேசவும் மாட்டேன்."

"பேசினா நான் எழுந்து போயிடுவேன்."

"போங்க டாக்டர். அப்பவும் நான் உங்களுக்காக ஜெபம் பண்ணுவேன். பல்லுக்காகவாவது பண்ணித்தானே ஆகணும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து அந்தப் பல்லை மிகவும் பொறுமையாக, வலிக்காமல் அடைத்துவிட்டார். அதுவே அவளுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வார்த்தை சொல்கிற நேரம் வந்ததும் பெரியம்மா எழுந்தார். அவர் முழுதாக நிமிர்வதற்குள் கடைசிக்கு முந்தின வரிசையில் பிரேக் டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா அவளைத் திரும்பிப் பார்த்து, என்ன நினைத்தாரோ, "நீ சொல்லும்மா" என்று உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு ஒரு வார்த்தை வந்துச்சு" என்றாள். "வந்து ரொம்ப நாளாச்சு. அவ எங்கேன்னு கேளுன்னு. முதல்ல கோவத்துல கேட்டுட்டேன், அது தப்பு. பாஸ்டர், என்னை மன்னிச்சுடுங்க. இப்ப எல்லார்கிட்டயும் கேக்கறேன். எனக்கும் சேத்துத்தான் கேக்கறேன். நம்ம அக்கா எங்க? அந்த ஸ்பீக்கர் இருக்கிற இடத்துல உக்காந்திருந்தாங்களே."

சில தலைகள் ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் திரும்பின.

"டாக்டர் வீட்டுல பட்ட காயம் பெருசு. அதையும் நாம கேக்கல. ஆமென் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டோம். ரெண்டு வீட்டையும் நாம தனியா விட்டுட்டோம். நான் பெரிசா ஒண்ணும் சொல்ல வரல. அக்கா தனியா இருக்கக்கூடாது. இங்க அவங்களுக்கு இடம் இல்லன்னா, அவங்க உக்கார்ற இடத்துல போய் நானும் உக்காருவேன். உங்களை வெறுத்துப் போகமாட்டேன். எனக்கு இந்த ரப்பர் வாடைகூடப் பிடிக்கும்."

அங்கங்கே ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. பல் டாக்டர் எழுந்தார். சொன்னபடியே நடுப்பாதையில் நடந்து, கதவைத் திறந்து, படியிறங்கிப் போனார். அவருடைய மனைவி குனிந்த தலையோடு இருந்தார். மகள் மட்டும் திரும்பி டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் உட்கார்ந்தாள். கணவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

போதகர் மேடையில் பிரசங்கக் குறிப்பைப் புரட்டினார், மூடினார். அருவி வற்றிப்போயிருந்தது. கடைசியில், "நான்தான் அவங்களைப் போகச் சொன்னேன்" என்றார். "ஞானம்னு நெனச்சேன். பயம். ரெண்டு பக்கமும் நல்ல பேரு வாங்கணும்ங்கற ஆசை." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. காணாமல் போன ஆட்டைப் பற்றிய பிரசங்கத்தை அவர் அன்று செய்யவில்லை. ஜெபம் செய்து அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் டீச்சருக்கு இரண்டு மாணவர்கள் குறைந்தார்கள். இருவரும் டாக்டருக்குச் சொந்தம். சபையில் சிலர் அவளைப் பார்த்தால் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். ராத்திரி கணவரிடம் கொஞ்சம் அழுதாள். "கடவுள் சொன்னதைச் செஞ்சா மனசு லேசாகும்னு சொல்வாங்களே, எனக்கு ஆகலியே" என்றாள்.

"சரி பண்ணின லிஃப்டுகூட முதல்ல ஒரு குலுக்கு குலுக்கும்" என்றார் அவர்.

மூன்றாம் நாள் போதகரிடமிருந்து அழைப்பு வந்தது. "சிஸ்டர், இன்னிக்குப் பாடம் இருக்கா?"

"இருக்கு பாஸ்டர். எங்க போகணும்?"

"சலவைக்கடைக்கு."

போதகர்தான் ஓட்டினார். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. அதனால் கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. அவ்வளவு ஒழுங்காக அவர் ஓட்டியதை டீச்சர் அதுவரை பார்த்ததில்லை. கடை வாசலில் நிறுத்தும்போது மட்டும் முன் சக்கரம் நடைபாதையில் ஏறிக்கொண்டது.

உள்ளே வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். இஸ்திரி அக்கா போதகரைப் பார்த்தாள். "வரிசையில நில்லுங்க" என்றாள். போதகர் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு அம்மாளை அக்கா முன்னால் கூப்பிட்டு அனுப்பினாள். அப்போதும் நின்றார். அவர் முறை வந்ததும், சொல்லத் தயார் செய்து வந்ததெல்லாம் ஆவியில் கரைந்துபோக, "நான் உங்களைத் துரத்திட்டேன்" என்று மட்டும் சொன்னார். "அதுக்கு நல்ல பேரு வெச்சு உங்ககிட்டயே சொல்லிட்டு வந்தேன். மன்னிச்சுடுங்க."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி நிமிர்த்தி வைத்தாள். "மன்னிக்கறேன் பாஸ்டர். இன்னிக்கே முழுசா முடியல. கொஞ்சம் கொஞ்சமாப் பண்றேன். ஆனா பண்றேன்." பிறகு சற்று நிறுத்தி, "என் பையனைப் பாக்க வருவீங்களா? உங்க ஜெபம்னா அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து பிடிக்கும்" என்று கேட்டாள்.

"வர்றேன். கார்லயே வர்றேன்."

அக்கா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தாள். "நானும் கூட வருவேன்க்கா, பயப்படாதே."

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. டீச்சர் அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை. மதியங்களில் போய் விரிப்பு மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். பல் டாக்டரின் மகளைப் பற்றி அறிந்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

பிறகு ஒரு ஞாயிறு, முதல் பாட்டின் பாதியில் கதவு திறந்தது. இஸ்திரி அக்கா உள்ளே வந்தாள். ஸ்பீக்கர் பெட்டி ஏற்கனவே சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. மூன்றாவது வரிசையில் போய் நின்றாள். பாட்டில் ஒரு வரியை விட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள், வழக்கம்போலச் சுருதிக்கு வெளியே, கூரை அதிர. பாட்டுக்குழு ஒரு கணம் தடுமாறி, வேறு வழியில்லாமல் அவளுடைய வேகத்துக்கு வந்து சேர்ந்தது.

டாக்டரின் மகள் அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்தாள். மூன்றாவது வரிசைக்குப் போனாள். அக்காவுக்குப் பக்கத்தில் இல்லை. ஒரு இருக்கை தள்ளி நின்றாள். அக்கா பார்த்தாள், அவள் வாயில் பாட்டு நின்றுபோனது. அந்தப் பெண் பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் தெரிகிற மாதிரி கொஞ்சம் நகர்த்திப் பிடித்தாள்.

டாக்டர் அந்த நேரத்தில் படியேறி வந்தார். சில வாரங்களாக அவர் குடும்பத்தை இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருப்பது வழக்கமாகியிருந்தது. கீழேவரை கேட்ட பாட்டுத்தான் அவரை மேலே கொண்டுவந்ததா என்று தெரியாது. மகள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். முகம் இறுகியது. போதகர் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். டாக்டர் வேண்டாம் என்று கையால் காட்டினார்.

அவர் உட்காரவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை கதவருகே அப்படியே நின்றார். போகவும் இல்லை.